வெள்ளை நிலவுக்குப் போகாத கப்பல்

உன் சாம்பல் நிறச் சுவெட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை துவைக்கப் போடலாமென்று எடுத்து, அதன் பைக்குள் கையை விட்டேன். விரலெல்லாம் ஓம முறுக்குத் தூள். கூடவே உன் தைல வாசனையும் வந்தது. தியேட்டர் ஏசி ஆகாது, மூக்கடைக்கும் என்று சொல்லி, விளக்கு அணைவதற்கு முன்பே நெற்றியிலும் மூக்கிலும் தடவிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் என் கண்ணையும் எரிய வைப்பாயே, அந்தத் தைலம்தான். வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் சுவெட்டரை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று உன் வருஷத் திதி. ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டில் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியிலேயே கலைந்துவிட்டது. கலைத்தவர் உன் வீட்டுக்காரர். நீ அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம். ஆனாலும் என் வாயால் முழுதாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். அதற்கு முன்னால் நம் கப்பல் படத்தின் கடைசிப் பாகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ காத்திருந்தது அதற்குத்தானே. குப்பை. சுத்தக் குப்பை.

அந்தப் படங்களை நாமாகத் தேடிப் போகவில்லை. அது ஒரு தீபாவளி வாரம். காலை ஷிஃப்ட் முடிந்து, பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் கிலாங்கிலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸில், தியேட்டர் இருக்கும் கொம்தார் பக்கம் இறங்கினோம். புதுத் தமிழ்ப் படம் பார்ப்பதாகத் திட்டம். கவுண்டரில் போய் நின்றால் டிக்கெட் முடிந்துவிட்டது. இடம் இருந்தது விண்வெளிக் கப்பல் படம் ஒன்றுக்குத்தான். நான் வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். நீ கண்ணாடிக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினாய்.

"வெளிய மழ. உள்ள ஏசி. எது வேணும் சொல்லு."

"இங்கிலீஸ் படம் நமக்குப் புரியுமாடி?"

"கீழ மலாய்ல எழுத்து ஓடும்லா. பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் வேற எதுக்கு?"

அப்படித்தான் உள்ளே போனோம். மலாய் எழுத்தை வைத்துப் பாதிக் கதை புரிந்தது. மீதிக் கதையை நீயே இட்டுக்கட்டி என் காதில் சொன்னாய். பிற்பாடு யோசித்தால் நீ சொன்ன பாதிதான் நன்றாக இருந்தது.

எதிலும் தப்பைத் தேட நம் வேலை நம்மைப் பழக்கியிருந்தது. நாளெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்கியூட் போர்டில் ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. தப்பு தெரிந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். சரியென்றால் பாஸ், திருத்த முடிந்தால் ரீவொர்க், தேறாதென்றால் ரிஜெக்ட். இந்த மூன்று வார்த்தையில் நீ உலகத்தையே அடக்கிவிடுவாய். கேன்டீன் சாம்பார் ரிஜெக்ட். புது சூப்பர்வைசர் ரீவொர்க். என் கல்யாணப் புடவை பாஸ், ஜாக்கெட் ரீவொர்க். படத்திலும் அதே கண்தான் உனக்கு. வெடித்துச் சிதறிய கப்பலில் கேப்டனின் தலைமுடி மட்டும் கலையாமல் இருந்தால், இருட்டில் என் தொடையில் விரலால் குத்தி, "இங்க ஒரு அம்பு ஒட்டு" என்பாய். ஒரு படம் முடிவதற்குள் என் தொடை முழுக்க அம்பாகிவிடும்.

முறுக்கு விஷயத்தை எப்படி மறப்பேன்? வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். நீ சுவெட்டர் பைக்குள் ஓம முறுக்கை வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவளைப் போலக் கையைக் கட்டியபடி உள்ளே நுழைவாய். இரண்டாம் பாகத்தில் ஒரு கட்டம். கப்பலுக்கு வெளியே ஒருவன் கயிறு அறுந்து மிதக்கிறான். விண்வெளியில் சத்தம் இருக்காது என்பதால் படத்திலும் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீ முறுக்கைக் கடித்தாய். முன்வரிசைச் சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். நீ அசரவில்லை. அவரிடமே ஒன்றை நீட்டினாய். அவரும் வாங்கிக்கொண்டார். அடுத்த கடி அவருடையது.

உன் வீட்டுக்காரரும் அந்தப் படத்துக்கு வந்திருந்தார். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் பட்டறையில் லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, ஃபெரி ஏறி வந்து, நேராகத் தியேட்டருக்குள் நுழைந்தவர். உட்கார்ந்ததும் தூங்கினார். விளக்கு போட்டதும் எழுந்து, "கப்பல் போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டார். எங்கே என்று நீ கேட்டாய். "எங்கயோ போய்க்கிட்டு இருந்துச்சே" என்றார். அதோடு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

படம் முடிந்ததும் பினாங்கு ரோடு பக்கத்து மாமாக் டீக்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதில் உன் சட்டம் ஒன்று இருந்தது. படம் யாருக்குப் பிடிக்கவில்லையோ அவர்தான் கிளாஸ் காலியாகும்வரை அந்தப் படத்தைப் புகழ வேண்டும். பிடித்தவர் திட்ட வேண்டும். கிளாஸைக் கவிழ்த்த பிறகு அவரவர் உள்ளதைச் சொல்லலாம். உனக்குப் பிடிக்காத படத்தைப் புகழ நீ படும் பாட்டைப் பார்த்து நான் புரையேறிச் சிரித்திருக்கிறேன். "நல்ல நாற்காலி போட்டிருந்தாங்க அந்தக் கப்பல்ல. முதுகுவலி வராது" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்வாய். உண்மையைச் சொன்னால், நல்ல படம் வந்த அன்று நமக்குப் பேச ஒன்றும் இருக்காது. நல்லா இருந்துச்சு, ஆமா நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். மோசமான படத்துக்குத்தான் இரண்டாவது கிளாஸ் சொல்லுவோம்.

ஆனாலும் இந்தக் கப்பல் படத்தை நாம் விடாமல் பார்த்ததற்குக் காரணம் அந்தப் பெண். கப்பலின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவள். குள்ளம், அள்ளிச் செருகிய முடி, கையெல்லாம் கிரீஸ். கேப்டன் கத்தினால் பதிலுக்குக் கத்துவாள். முதல் படத்திலேயே நீ சொல்லிவிட்டாய்: "இவ நம்ம லைன்ல இருக்க வேண்டியவடி." அன்றிலிருந்து அவள் நமக்கு 'நம்ம பொண்ணு'. கேப்டனும் பெண்தான், ஆனால் அவள் வெறும் கேப்டன்தான்.

மூன்றாம் பாகத்தில் நம் பெண்ணை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பனி மூடிய வெள்ளை நிலவு ஒன்றில் கப்பல் சிக்கிக்கொள்கிறது. வெளியே ஒருவர் நின்று நெம்புகோலைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தால்தான் கப்பல் கிளம்பும். அவள் இறங்கிவிட்டாள். கப்பல் மேலே ஏறும்போது கேப்டன் ரேடியோவில், நான் உன்னைக் கூட்டிப்போக வருவேன், காத்திரு என்கிறாள். நம் பெண் பனியில் உட்கார்ந்து மேலே பார்க்கிறாள். அதோடு படம் முடிந்தது. பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, கூட்டுகிறவர் வந்து நின்ற பிறகும் நீ எழுந்திருக்கவில்லை. மாமாக் கடையில் உட்கார்ந்ததும், "இன்னைக்கு ரூல் இல்ல" என்றாய்.

"வருவேன்னு சொன்னால்ல? வருவா. வரலன்னா அவ கேப்டனே இல்ல."

"படம்டி. அடுத்ததுல வந்துருவா."

"அடுத்ததோ அதுக்கடுத்ததோ. சொன்னா வரணும்."

அடுத்ததில் வரவில்லை. நான்காம் பாகம் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை. கேப்டன் ஒரே ஒரு தடவை எஞ்சின் அறைக்குப் போய், அங்கே காலியாகக் கிடந்த ஆசனத்தைத் தொட்டுப் பார்த்தாள். உனக்கு அது போதுமாக இருந்தது. "மறக்கல பாத்தியா" என்று அந்த ஒரு கட்டத்தையே வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அதைப் பற்றி உனக்கே எழுத என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். முகம் தெளிஞ்சிருக்கு, கொஞ்சம் மெலிஞ்சாலும் நல்லாத்தான் இருக்கீங்க, இன்னும் ரெண்டு வாரத்துல நடப்பீங்க. நீ எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொல்றாங்க. நீ சொல்லு. பாஸா?"

நான் உன்னை மேலும் கீழும் பார்த்தேன். "ரீவொர்க்" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டாளாம். அன்றைக்குப் பிறகு நீ என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கும் பொய்தான் வந்திருக்கும் என்று உனக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

கடைசிப் பாகத்தின் ட்ரெய்லரை நாம் பார்த்தது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். உன் காதில் ஒரு இயர்போன், என் காதில் ஒன்று. கடைசியில், கண் இமைக்கிற நேரம், நம் கப்பல் வெள்ளை நிலவுக்கு மேலே மெதுவாகத் தலையைச் சாய்த்து இறங்குவதைக் காட்டினார்கள். நீ என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "போறா. பாத்தியா? போறா." சாயங்காலம் உன் வீட்டுக்காரர் வந்ததும் அவரையும் பிடித்து உட்காரவைத்துக் காட்டினாய். மறுநாளும் காட்டினாய். ஊசி போட வந்தவர்களுக்கும் காட்டினாய். படம் வெளியாகும் நாளைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தபோதுதான் நீ போனைக் கவிழ்த்து வைத்தாய்.

"நான் பாக்கலன்னா, நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றாய். "அந்த எடத்த மட்டும் நல்லாச் சொல்லணும். எப்படி எறங்குனா, அவ எப்படி எந்திரிச்சி வந்தா, மொதல்ல என்னா சொன்னா. பூசி மெழுகாத. அவளுக்கு வயசாகியிருந்தா வயசாயிடுச்சின்னு சொல்லு."

சரி என்றேன். படம் வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

போன மாதம்தான் படம் வந்தது. உன் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு நான் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கை காலி. வேண்டுமென்று வாங்கிக் காலியாக வைக்கவில்லை. படத்துக்கே கூட்டம் இல்லை. எனக்கென்னவோ முதல் அரைமணி நேரத்திலேயே இது தேறாதென்று தெரிந்துவிட்டது. ஒரு பேரரசன், அவனுக்கு அவனைப் போலவே ஒரு இரட்டை, ஒரு பெரிய சண்டை, அதைவிடப் பெரிய சண்டை. நான் எதையும் கவனிக்கவில்லை. வெள்ளை நிலவு எப்போது வரும், எப்போது வரும் என்று அதற்காகவே உட்கார்ந்திருந்தேன். கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கேதான் போகிறது என்று முதுகை நிமிர்த்துவேன்.

போகவில்லை. ட்ரெய்லரில் காட்டியதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு சிப்பாய் வந்து கேப்டனிடம், அந்த நிலவிலிருந்து சிக்னல் நின்றுபோய் வெகுநாளாகிறது என்று சொன்னான். கேப்டன் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், ஒரே வரி. அதற்கு அடுத்த காட்சி யாருக்கோ கல்யாணம். எல்லாரும் ஆடினார்கள். கேப்டனும் ஆடினாள். அவள் தலைமுடி கலையவில்லை.

எனக்கு முதலில் வந்தது ஒருவிதமான நிம்மதி. பரவாயில்லை, நீ எதையும் தவறவிடவில்லை என்று நினைத்தேன். படம் நன்றாக இருந்திருந்தால் அதை நீ பார்க்காமல் போனாயே என்று என்னால் தாங்கியிருக்க முடியாது. படிக்கட்டில் இறங்கும்போதே அந்த நிம்மதி போய்விட்டது. இவ்வளவு மோசமான படம் நமக்கு இதுவரை வாய்த்ததில்லையே. மூன்று கிளாஸ் டீக்குத் தாங்கும். இதைத் திட்ட நீ இருந்திருக்க வேண்டும். மாமாக் கடையில் போய் உட்கார்ந்து, உன் சட்டப்படி படத்தைப் புகழ்ந்து பார்த்தேன், மனதுக்குள்ளேயே. ஒரு வார்த்தை வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் அழுதேன். படத்துக்காகத்தான் அழுதேன் என்று வைத்துக்கொள்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"திதிக்கு வந்துருமா. மக ரேணுவும் கே.எல்.லேருந்து வந்துருவா."

"வராம இருப்பனா அண்ணே?"

"படையல் போடறோம். அவளுக்குப் புடிச்சதெல்லாம் வைக்கணும்ல. மீன் கொழம்பு அக்கா வச்சிரும். முறுக்கு நான் வாங்கிக்கிறேன். தே தாரிக் தாப்பாவ் பண்ணி, பையில கட்டி எடுத்துட்டு வந்துரலாம்." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படம் வந்துருச்சாமே. அத எப்படிமா எலையில வைக்கறது? நீ வந்து சொல்லிரு. வேற யாருக்கும் தெரியாது."

சரி அண்ணே என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். முதல் வருஷத் திதிக்கு வந்து உட்காருகிறவளிடம், நம் பெண்ணை அவர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டும். நீ பூசி மெழுகாதே என்றுதான் சொல்லியிருந்தாய். ஆனால் உன் இலைக்கு முன்னால் இதை எப்படி வைப்பது? கெட்டுப்போன மீனை வைப்பேனா? அதனால் நேற்றுக் காலை பாயான் பாருவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே நான் வேறொரு முடிவைக் கட்டிவிட்டேன். கப்பல் இறங்குகிறது. கேப்டன் பனியில் ஓடுகிறாள். நம் பெண் ஒரு குகையிலிருந்து வெளியே வருகிறாள். முடி நரைத்திருக்கிறது. நரை சேர்த்ததே நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

வீடு நிறைய சாம்பிராணிப் புகை. உன் படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டிருந்தாள் ரேணு. முழு வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ச் சம்பால், ஓரத்தில் முறுக்கு. பிளாஸ்டிக் பையில் வந்த டீயை உன் பச்சை மக்கில் ஊற்றி வைத்திருந்தார் உன் வீட்டுக்காரர். கற்பூரம் காட்டியாயிற்று. இனி எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நிற்க வேண்டும். நீ வந்து யாரும் பார்க்காமல் சாப்பிட்டுப் போவாய் என்று சாஸ்திரம்.

"நாங்க வெளிய நிக்கிறோம்" என்றார். "நீ சொல்லிட்டு வாமா."

உன் நாத்தனார் முகம் சுளித்தார். "படையல் வீட்டுல ஆளு இருக்கலாமாடா?"

"அது ஆளு இல்லக்கா. அதுவும் படையல்தான்."

கதவைச் சாத்தினார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். வெளியே தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம்கூட இல்லை. எல்லாரும் கதவோரமாகவே நிற்கிறார்கள் என்று தெரிந்தது. நான் உன் படத்தைப் பார்த்து ஆரம்பித்தேன். பேரரசனைச் சொன்னேன், இரட்டையைச் சொன்னேன், சண்டைகளைத் தாண்டினேன். பிறகு கப்பலை நிலவுக்குத் திருப்பினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் இறங்கி ஓடினாள். நம் பெண் குகையிலிருந்து வந்தாள். நரை, கிரீஸ், எல்லாம் இருந்தது. அவள் வாயைத் திறந்து முதல் வார்த்தை சொல்ல வேண்டும். அதைத்தானே நீ கேட்டிருந்தாய், மொதல்ல என்னா சொன்னா என்று.

எனக்கு வரவில்லை. பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் யோசித்தவள் அதை மட்டும் யோசிக்காமல் வந்திருக்கிறேன். உன் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். லைனில் போர்டைக் கையில் வாங்கியதும் பார்ப்பாயே, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கி, அதே பார்வைதான் அதிலும்.

"இல்லடி" என்றேன். "பொய் சொன்னேன். கப்பல் அங்க போகவே இல்ல. ட்ரெய்லர்ல காட்டுனத வெட்டிட்டாங்க. நம்ம பொண்ணு கதைய ஒரே வரில முடிச்சிட்டாங்க. சிக்னல் நின்னுபோச்சின்னு ஒருத்தன் வந்து சொன்னான், இவ தலைய ஆட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டா."

கதவு படாரென்று திறந்தது.

"என்னாது, ஒரு வரியா?" உன் வீட்டுக்காரர். வாசற்படியில் ஒரு கால், உள்ளே ஒரு கால்.

"டேய், கதவத் தொறக்காதடா" என்று பின்னாலிருந்து உன் நாத்தனார்.

"இரு அக்கா. ட்ரெய்லர்ல இருந்துச்சேமா? நானே பாத்தனே. வெள்ளையா, கப்பல் இப்படிச் சாஞ்சி எறங்குச்சே."

"ஆமா அண்ணே. படத்துல இல்ல."

"இல்லாததக் காட்டலாமா? அவ எத்தன தடவ பாத்தா அத. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுனா." அவர் அப்படியே உன் இலைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. தூங்கி விழுந்த அந்த மனுஷனுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. "போக முடியலன்னா, முடியலன்னு ஒரு வார்த்த சொல்லணும்ல. அந்தப் பொண்ணு அங்க உக்காந்து மேலயே பாத்துக்கிட்டிருக்கும்ல."

அவர் எதைச் சொல்கிறார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. நீ போன அன்று காலை, மத்தியானம் வந்துடறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் பட்டறைக்குப் போனார். பாலத்தில் விபத்து, ஜாம். அவர் வந்து சேர்ந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள்.

ரேணுதான் வந்து அவர் தோளைத் தொட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா, எந்திரிங்கப்பா. அம்மா சாப்பிடட்டும். கதவச் சாத்தணும்."

எல்லாருமாக வெளியே வந்து கதவைச் சாத்தினோம். தாழ்வாரத்தில் நின்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்த பேச்சு சீக்கிரமே உரத்துவிட்டது. இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டார் உன் வீட்டுக்காரர். கேப்டனுக்குக் கல்யாணமா என்று கேட்டார் உன் நாத்தனார். அவளுக்கு இல்லை, வேறு யாருக்கோ என்றேன். "அப்ப இவளுக்கு அங்க என்னா வேல?" என்றார். ரேணு போனில் அந்த ட்ரெய்லரைத் தேடி எடுத்தாள். நாலு தலையும் ஒரே திரையில் குனிந்தன. கதவைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. நேற்று நீ நிதானமாகச் சாப்பிட்டிருப்பாய். டீகூட ஆறியிருக்கும், உனக்குப் பிடித்த பதத்துக்கு.

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் என்னை வேனில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். கடலோரச் சாலையில் வழக்கம்போல வண்டிகள் ஊர்ந்தன. இடது பக்கம் கடல் மங்கிக்கொண்டிருந்தது. பாலம் தெரிகிற இடம் வந்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு எப்படிமா அந்தக் கப்பலுக்கு வந்துச்சு?"

"அது முதல் படத்துல அண்ணே. பெரிய கதை."

"சொல்லு. மொதல்ல இருந்து சொல்லு."

"முடிவு எப்படின்னுதான் இப்ப உங்களுக்குத் தெரியுமே. அதுக்கப்புறமும் கேக்கணுமா?"

முன்னால் போன லாரி நகர்ந்தது. இவர் வேனை நகர்த்த மறந்துவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"முடிவுதாம்மா மோசம்" என்றார். "அவ சிரிச்சதெல்லாம் அதுக்கு முன்னாடிதானே இருக்கு. எந்தெந்த எடத்துல சிரிச்சா, அதையும் சேத்துச் சொல்லு. நான் தூங்கிட்டேன்ல."

சொல்ல ஆரம்பித்தேன். டிக்கெட் கிடைக்காததிலிருந்தே ஆரம்பித்தேன். பாயான் பாரு வந்து, என் பிளாக்குக்குக் கீழே வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பெண் முதல்முதலாகக் கேப்டனிடம் திருப்பிக் கத்துகிற கட்டம் வந்தது. நீ அந்த இடத்தில் கை தட்டினாய் என்று சொன்னேன். அவர் சிரித்தார். மிச்சத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லும்படி கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

இனி எனக்கு வேலை இருக்கிறது. நீ எங்கே சிரித்தாய், எங்கே திட்டினாய், எங்கே என் தொடையைக் குத்தினாய், எல்லாம் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. எனக்கும் வயதாகிறது. எதையும் விட்டுவிடாமல் அவரிடம் சேர்த்துவிட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தயக்கம். மூன்றாம் பாகம் முடிந்து விளக்கு போடுவதற்கு முன்னால் நீ என் தோளில் முகத்தை வைத்து அழுதாய். "யார்கிட்டயும் சொல்லிடாதடி, நான் போய் ஒரு படத்துக்கு அழுதேன்னு" என்றாய். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.